நாற்பத்தேழாம் பக்கத்து அடிக்குறிப்பு

பட்டத்துக்கான படிவத்தில் ஒரு முத்திரை குத்த வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்துக்காக அவள் வியாழக்கிழமை மதியம் பாட ஆலோசகரின் அறை வாசலில் முக்கால் மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரில் ‘உங்கள் வெற்றியே எங்கள் மகிழ்ச்சி’ என்று எழுதி ஒட்டியிருந்தது. மகிழ்ச்சிக்குக் கீழே ஒரு மூலை பிய்ந்து தொங்கியது.

அவளுக்கு வீட்டில் ‘வக்கீல்’ என்று பேர். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்டு, பதில் சொன்னால் அதற்கும் ஏன் என்று கேட்பாள். ஆனால் அந்த வாய் வீட்டு வாசப்படியைத் தாண்டாது. பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைத்ததிலிருந்து மூன்று வருஷமாக அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. ஆபீசுக்குக் கூப்பிடுகிறார்கள் என்றால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று பொருள். அவள் குடும்பத்தில் யாரும் நல்ல சேதிக்காக ஆபீசுக்குப் போனதில்லை.

ஆலோசகர் கழுத்துக்குக் கீழே பேனா மைக் கறையுள்ள சட்டையும், திரைக்கு மிக அருகில் மூக்கும் உள்ள மனிதர். படிவத்தை வாங்கினார். எண்ணைத் தட்டினார். முத்திரையைக் கையில் எடுத்தார். பிறகு முத்திரையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அஞ்சு” என்றார்.

“என்ன சார் அஞ்சு?”

“இன்னும் அஞ்சு பாடம் பாக்கி இருக்கு.”

“ஒண்ணு சார். வரலாறு மொத்தம் பன்னிரண்டு. பதினொண்ணு முடிச்சுட்டேன். கடைசி ஒண்ணை இந்தப் பருவத்துல எடுக்கறேன்.”

“முடிச்சது பதினொண்ணுதான். சேர்றது ஏழு. முதல் நிலைப் பாடம் நாலுக்கு மேல பட்டத்துக்குக் கணக்கில்ல. நீங்க எட்டு எடுத்திருக்கீங்க.” திரையை இன்னும் நெருங்கினார். “இருக்கறதே எட்டுதான். எட்டையும் எடுத்திருக்கீங்க. ஏன்?”

“எட்டு இருந்துது.”

வேறென்ன சொல்வது? வரலாறு நூற்று ஒன்று ஆதிமனிதனில் தொடங்கி முதல் நகரத்தில் முடியும். நூற்று இரண்டு அந்த நகரத்தில் தொடங்கும். இப்படியே கைகோத்துக்கொண்டு போய் நூற்று எட்டில் நேற்றைய செய்தித்தாளில் வந்து நிற்கும். ஒன்றாம் வகுப்பு முடித்தால் இரண்டாம் வகுப்பு. இரண்டாவதை விட்டுவிட்டு மூன்றாவதில் போய் உட்கார முடியுமா? அவள் ஒழுங்காக ஒன்றிலிருந்து எட்டு வரை போனாள். அதன்பிறகுதான் இருநூறாம் எண் பாடங்களுக்குள் கால் வைத்தாள், அதுவும் மூன்றே மூன்று. மற்றவர்கள் நாலைந்தை விட்டுவிட்டுத் தாவிக் குதித்துப் போனதைப் பார்த்து, சோம்பேறிகள் என்று மனசுக்குள் திட்டியும் இருக்கிறாள்.

“இந்த விதி எங்க சார் போட்டிருக்கு?”

ஆலோசகர் மேஜை இழுப்பறையிலிருந்து கையேட்டை எடுத்துப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் நாற்பத்தேழாம் பக்கத்தை அவள் பக்கம் திருப்பி, விரலால் அடியில் காட்டினார். ஒரு சின்ன நட்சத்திரக் குறி. அதற்குப் பக்கத்தில் எறும்பு வரிசை போல ஒன்றரை வரி.

“இதை யாரும் சொல்லவே இல்லையே சார்.”

“நீங்க கேக்கவே இல்லையே. முதல் வருஷமே இங்க வந்து என்னைப் பார்த்திருக்கணும். எல்லாரும் வருவாங்க.”

எல்லாரும் என்றால் யார் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவும் அம்மாவும் படித்த வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு நாற்பத்தேழாம் பக்கம் சாப்பாட்டு மேஜையிலேயே கிடைத்துவிடும். அக்கா சொல்வாள், அண்ணன் சொல்வான், சித்தப்பா அதே துறையில் படித்திருப்பார். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இதுவரை அதிகபட்சமாகப் பேசப்பட்ட கல்வி விஷயம், பல்கலைக்கழகத்துக்கு எந்த பஸ் போகும் என்பது.

ஆலோசகர் கெட்டவர் இல்லை. விளக்கமாகத்தான் சொன்னார். ஐந்தில் ஒன்று ஆயிரத்து ஐந்நூறாம் ஆண்டுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். ஒன்று வேறு கண்டத்தைப் பற்றியது. ஒன்று ஆய்வுக் கட்டுரை. மீதி இரண்டு அவள் இஷ்டம். ஒரு பருவத்தில் நாலு வரலாற்றுப் பாடம்தான் எடுக்கலாம். ஐந்தாவது வேண்டுமென்றால் விதிவிலக்குப் படிவம் நிரப்பி, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பதிவு நாளை மாலை நாலு மணிக்கு மூடும்.

“இல்லேன்னா அடுத்த வருஷம் வந்து நிதானமா முடிங்க” என்றார், ஏதோ கடற்கரைக்குக் காற்று வாங்க வரச் சொல்வது போல.

அடுத்த வருஷம் முடியாது. நகராட்சி ஆவண அறையில் ஒரு வேலை அவள் பேரில் இருக்கிறது. விடுமுறையில் இரண்டு மாதம் அங்கே பழைய கோப்புகளுக்கு அட்டவணை போட்டாள். அவள் வேலையைப் பார்த்த ஆவணக் காப்பாளர், ‘ஜூன் முதல் தேதி பட்டத்தோட வந்து நில்லு, நாற்காலி உனக்கு. வரலைன்னா பட்டியல்ல அடுத்த ஆளு’ என்று சொல்லியிருந்தார். அந்த அறையின் தூசு வாசனை கூட அவளுக்குப் பிடித்திருந்தது. குடும்பத்திலேயே முதன்முதலாக உட்கார்ந்து செய்கிற வேலை. முத்திரை குத்தாத படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, விதிவிலக்குப் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கிணறு வெட்டப் போய் பூதத்தைக் கூட்டி வருகிறவள் போல பஸ் ஏறினாள்.

வீட்டில் அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் கொத்தனார். சிமெண்ட் நகக்கண்ணில் ஏறினால் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது, ஆனாலும் தினமும் கால் மணி நேரம் தேய்ப்பார். அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். முப்பது பேருக்கு வாரா வாரம் ஷிஃப்ட் பட்டியல் போடுவது அவள் வேலை. அம்மாவின் தம்பி டாக்ஸி ஓட்டுகிறார். சவாரி இல்லாத நேரமெல்லாம் இந்த வீட்டுச் சமையலறை நாற்காலியில்தான் இருப்பார். சவாரி இல்லாத நேரம் எது என்பதை அவரே முடிவு செய்வார்.

அவள் நடந்ததைச் சொல்லி முடித்தபோது குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“குழாயை மூடுங்க” என்றாள் அம்மா.

அப்பா மூடினார். “எட்டு எடுத்தது தப்பாம்மா?”

“தப்புதானாம். எல்லாரும் அரை வீடு கட்டிட்டு மாடிக்குப் போயிட்டாங்க. நான் மட்டும் கீழேயே பூசிட்டு இருந்திருக்கேன். நீங்கதானே சொன்னீங்க, அடி வரிசை முடியாம அடுத்த வரிசை வைக்காதேன்னு. முதல் வருஷம் அந்தப் பட்டியலைக் கொண்டுவந்து காட்டினப்ப சொன்னீங்க. இதே மேஜைல.”

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான். அப்பா துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

“செங்கல்லுக்கு அப்படித்தான்” என்றார் மெல்ல. “இதுக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன்.”

மாமாவுக்கு மௌனம் ஆகாது. படிவத்தை எடுத்துக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் படித்தார். “விதிவிலக்குக்கான காரணம். மூணு கட்டம் போட்டிருக்கான். ஒண்ணு, மருத்துவக் காரணம். ரெண்டு, குடும்பத்தில் இறப்பு. மூணு, மாணவரின் கவனக்குறைவு. அட, இதுல என்ன கஷ்டம் வக்கீலம்மா? ரெண்டாவதுல டிக் அடி. என்னைப் போட்டுக்கோ.”

“வாயைக் கழுவுடா” என்றாள் அம்மா.

“தாய்மாமன்க்கா. நல்ல கனமான உறவு. நான் ஒரு வாரம் அந்தப் பக்கம் சவாரி போகாம இருந்துக்கறேன்.”

“எனக்குக் கீழ முப்பது பேரு. போன வருஷம் மட்டும் பத்தொன்பது மாமியார் செத்திருக்காங்க. அதுல ஒருத்திக்கு மட்டும் மூணு மாமியார். கல்யாணமே ஆகாதவ. பொய்ச் சாவு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரியும். சான்றிதழ் கேப்பாங்க.”

“அதுக்கு நான் உண்மையிலேயே சாக முடியாது.”

“அந்த உபகாரமும் உன்னால முடியாது.”

“அப்ப மூணாவதுதான்” என்றார் மாமா. “கவனக்குறைவு. போட்டுட்டுப் போயேன். ஒரு டிக்தானே, உயிரா போகப்போகுது?”

அவள் பதில் சொல்வதற்குள் அப்பா பேசினார். “நான் வேணா ஒரு கடிதாசி எழுதித் தரட்டுமா? தப்பு என்னுது, பொண்ணு மேல ஒண்ணும் இல்லேன்னு. நீ சொல்லச் சொல்ல எழுதறேன். கையெழுத்து போட்டுத் தரேன்.”

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. பேனாவைத் தேடினார். அந்தக் கையைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ கிளம்பியது. அழுகை என்று முதலில் நினைத்தாள். இல்லை, கோபம். மதியம் முழுக்க யார் மேல் என்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்த கோபம் இப்போது விலாசம் கண்டுபிடித்துவிட்டது. இந்த மனுஷன் சொன்னதில் என்ன தப்பு? ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு வைத்தது யார்? எண் போட்டுவிட்டு, எண்ணின் வழியே போகாதே என்பதை எறும்பு வரிசையில் எழுதியது யார்?

பேனா அவள் கைக்கு வந்தது. மூன்றாவது கட்டத்தில் ‘மாணவரின்’ என்ற சொல்லை ஒரே கோடாக அடித்தாள். மேலே ‘துறையின்’ என்று எழுதினாள். கட்டத்தில் டிக் போட்டாள்.

சமையலறை அதிர்ந்துவிட்டது.

“அச்சடிச்ச பேப்பர்ல கிறுக்கிட்டாளே” என்றாள் அம்மா. ஆஸ்பத்திரியில் அச்சடித்த படிவத்தை அடித்துத் திருத்தியவன் எவனும் பிழைத்ததாக அவளுக்கு நினைவில்லை.

“கிறுக்கல. திருத்தினேன்.”

“இது அவங்க கண்ணுல பட்டா நாலு பாடமும் போச்சு” என்றார் மாமா, உண்மையான மரியாதையோடு.

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து போய், கட்டம் போட்ட பெரிய தாளையும் நாலு நிறப் பென்சிலையும் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தாள். துக்கம் அவரவருக்கு அவரவர் வழியில் வெளியே வரும். அம்மாவுக்கு ஷிஃப்ட் பட்டியலாக வரும்.

“கிழமையும் நேரமும் சொல்லு. முதல்ல கட்டாயம் போட வேண்டியது.”

அவள் செல்பேசியில் பாடப்பட்டியலைத் திறந்தாள். ஆயிரத்து ஐந்நூறுக்கு முன்: ‘பஞ்சமும் அரசும்’, திங்கள் புதன் பத்து மணி. அம்மா சிவப்பில் போட்டாள். வேறு கண்டம்: ‘கப்பல்களும் கொள்ளைநோயும்’, செவ்வாய் வியாழன் பத்து மணி. நீலம். ஆய்வுக் கட்டுரை, வெள்ளி மதியம் இரண்டிலிருந்து ஐந்து. பச்சை. இஷ்டப்பட்டது ஒன்று: ‘சிறைச்சாலைகளின் கதை’, திங்கள் புதன் இரண்டு மணி.

“பஞ்சம், கொள்ளைநோய், சிறை” என்றார் மாமா. “வரலாத்துல நல்லது ஒண்ணுமே நடக்கலையா?”

“நடந்திருக்கும் மாமா. அதுல எல்லாம் இடம் நிரம்பிடுச்சு.”

நிஜம்தான். விளையாட்டின் வரலாறு நிரம்பிவிட்டது. உடைகளின் வரலாறு நிரம்பிவிட்டது. காதல் கடிதங்களின் வரலாற்றில் காத்திருப்போர் பட்டியலே நாற்பது பேர். ஐந்தாவதற்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேடினார்கள். ஒன்றில் இடமிருந்தால் பஞ்சத்தோடு மோதியது. மோதாதது நிரம்பியிருந்தது. மாமா ‘புரட்சிகள்’ பாடத்தை வியாழக்கிழமையிலிருந்து தூக்கிச் சனிக்கிழமையில் போடச் சொன்னார். புரட்சியை நம் இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. அப்பா ஒவ்வொரு பேரையும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். யோசனை மட்டும் சொல்லவில்லை. யோசனை சொல்வதை அவர் அன்றோடு நிறுத்திக்கொண்டுவிட்டார் என்பது பார்த்தாலே தெரிந்தது.

“இப்படித் தேடினா விடிஞ்சாலும் கிடைக்காது” என்று அம்மா பென்சிலைக் கீழே வைத்தாள். “எது பிடிக்கும்னு தேடாதே. யாருக்கும் பிடிக்காதது எதுன்னு பாரு. யாரும் வேண்டாங்கற ஷிஃப்ட்லதான் எப்பவும் இடம் இருக்கும். எதுல ஆளே இல்ல?”

அவள் பட்டியலைத் தலைகீழாக அடுக்கினாள். அடியிலிருந்து ஒன்று மேலே வந்தது. ‘வாய்க்கால் நிர்வாகம்: நானூறு ஆண்டுகள்’. செவ்வாய் வியாழன், காலை எட்டு மணி. இடங்கள் இருபத்தைந்து. சேர்ந்தவர்கள் ஐந்து. நடத்துபவர், துறைத் தலைவர்.

“எட்டு மணிக்கு வாய்க்காலா?” என்றார் மாமா. “பல்லு தேய்க்கற நேரம் அது.”

அம்மா மஞ்சள் பென்சிலை எடுத்தாள். எதனோடும் மோதவில்லை. தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, “ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்” என்றாள். ஷிஃப்ட் பட்டியல் முடிந்துவிட்டது. இனி யாரும் அதில் பேரம் பேச முடியாது.

மறுநாள் பகல் ஒரு மணியிலிருந்து துறைத் தலைவரின் அறை வாசலில் நின்றாள். அவர் மூன்று மணிக்கு வந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். அறைக்குள் புத்தகங்கள் தரையிலிருந்து கிளம்பி நாற்காலி உயரத்துக்கு வந்திருந்தன. சுவர் முழுக்க வாய்க்கால் வரைபடங்கள். உட்காரச் சொன்னார். உட்கார இடம் இல்லை.

படிவத்தைப் படித்தார். கண் மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் நின்றது.

“இது யார் திருத்தினது?”

“நான்தான் சார்.”

“துறையின் கவனக்குறைவு.” ஒவ்வொரு சொல்லாகச் சுவைத்துப் பார்த்து, பிடிக்காத மாதிரி முகத்தைச் சுளித்தார். “கையேடு எல்லாருக்கும்தான் கொடுக்கறோம்.”

“நாப்பத்தேழாம் பக்கத்து அடிக்குறிப்பை நீங்க படிச்சிருக்கீங்களா சார்?”

வீட்டு வாசப்படியைத் தாண்டாத வாய் தாண்டிவிட்டது. அவளே சற்று ஆச்சரியப்பட்டாள். துறைத் தலைவரும்.

“நான் அதுல கையெழுத்து போட்டவன்.”

“நான் படிச்சீங்களான்னு கேட்டேன் சார்.”

அவர் அவளுடைய பாடப்பட்டியலைத் திரையில் திறந்தார். புருவம் ஏறியது. “எட்டும் எடுத்திருக்கீங்களா? நூத்தி ஒண்ணுலேர்ந்து நூத்தி எட்டு வரைக்குமா?” குரலில் கோபம் போய் வேறு ஏதோ வந்திருந்தது, இரண்டு தலைக் கன்றுக்குட்டியைப் பார்க்கிறவரின் குரல். “நூத்தி நாலு எப்படி இருக்கும்? எனக்குத் தெரியாது. அதுல நான் நூத்தி அஞ்சு மட்டும்தான் நடத்தறேன்.”

“தெரியும் சார். உங்ககிட்டதான் படிச்சேன். மூணாவது வரிசையில உட்கார்ந்திருப்பேன். நூத்தி நாலு கடைசி வகுப்புல அந்த முப்பதாண்டு எல்லைப் போர் முடிஞ்சுடுச்சுன்னு சொன்னாங்க. நூத்தி அஞ்சு முதல் வகுப்புல நீங்க வந்து அது முடியவே இல்லைன்னு ஆரம்பிச்சீங்க.”

“முடியலைதானே. எவ்வளவு சான்று இருக்கு. முடிஞ்சுடுச்சுன்னு அங்க சொல்லித் தராங்களா?”

“ஆமா சார். அங்க முடிஞ்சுதுன்னு எழுதி நல்ல மார்க் வாங்கினேன். இங்க முடியலைன்னு எழுதி நல்ல மார்க் வாங்கினேன். எட்டையும் வரிசையா படிச்சா இதெல்லாம் தெரியும். யாரும் படிக்கறதில்ல, அதான் உங்களுக்குப் பிரச்சினை வரல.”

துறைத் தலைவர் நூற்று நான்கின் ஆசிரியர் பேரைச் சொல்லி ஏதோ முணுமுணுத்தார். பிறகு படிவத்தின் ஞாபகம் வந்து முகத்தை மறுபடி இறுக்கிக்கொண்டார். “எல்லாம் சரி. அஞ்சு பாடம் ஒரே பருவத்துல தாங்காது. அதோட, இப்படித் திருத்தின படிவத்துல நான் கையெழுத்து போட முடியாது. புதுசா ஒண்ணு வாங்கி, மூணாவது கட்டத்துல அச்சடிச்ச மாதிரியே டிக் பண்ணிக் கொண்டு வாங்க. அப்புறம் யோசிக்கலாம்.”

“எப்ப யோசிப்பீங்க சார்? மணி மூணே கால்.”

“ஒரு டிக். அதுக்கு இவ்வளவு பிடிவாதம் எதுக்கு?”

“அதை நான் போட்டா தப்பு எங்க வீட்டுதுன்னு ஆயிடும்” என்றாள். “எங்கப்பா கொத்தனார். பட்டியலைப் பார்த்துட்டு, கீழ்லேர்ந்து ஒழுங்கா கட்டிட்டு மேல போன்னு சொன்னாரு. நேத்து ராத்திரி தப்பு என்னுதுன்னு உங்களுக்குக் கடிதாசி எழுதப் பேனாவைத் தேடினாரு. எண் போட்டது நீங்க. விதியை அடியில ஒளிச்சு வெச்சது நீங்க. கடிதாசி மட்டும் அவரு எழுதணுமா?”

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பாட ஆலோசகர் மூக்கை மட்டும் உள்ளே நீட்டினார். புத்தகக் குவியலுக்குப் பின்னால் நின்ற அவளை அவர் கவனிக்கவில்லை.

“சார், உங்க வாய்க்காலை எடுத்துடலாமா? அஞ்சு பேர்தான் இருக்காங்க. ஆறு இல்லேன்னா நாலு மணிக்கு அதுவே ரத்தாயிடும். போன வருஷமும் போச்சு, அதுக்கு முந்தின வருஷமும் போச்சு. இப்பவே எடுத்துட்டா அந்த அறையை நடன வகுப்புக்குக் கேக்கறாங்க.”

துறைத் தலைவர் கண்ணை மூடித் திறந்தார். சுவரெல்லாம் வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்த அந்த அறையில், ஒரு வாய்க்காலுக்கும் இரண்டு வருஷமாக ஆள் இல்லை. “நாலு மணி வரைக்கும் பொறுங்க” என்றார். மூக்கு மறைந்தது.

அவள் அம்மாவின் கட்டத்தாளைப் பையிலிருந்து எடுத்து, மேஜைமேல் படிவத்துக்குப் பக்கத்தில் விரித்தாள். மஞ்சள் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

“நான் ஆறாவது ஆளு சார். செவ்வாயும் வியாழனும், காலை எட்டு மணி. ஆனா அது என் அஞ்சாவது பாடம். அதுல சேரணும்னா இந்தக் கையெழுத்து வேணும்.”

“மிரட்டறீங்களா?”

“இல்ல சார். கேக்கறேன். மூணு வருஷத்துல முதல் தடவை.”

அவர் கட்டத்தாளைப் பார்த்தார். சிவப்பு, நீலம், பச்சை, ஓரத்தில் அம்மாவின் கையெழுத்தில் ‘ஆறு மணி பஸ்’. “இதை யார் போட்டது? ரொம்ப நல்லா இருக்கே. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் இப்படிப் போடத் தெரியாது.”

“எங்கம்மா.”

“வாய்க்கால்ல ஆர்வம் இருக்கா உங்களுக்கு?”

பொய் சொல்லியிருக்கலாம். “இதுவரைக்கும் இல்ல சார்” என்றாள்.

“உண்மையைச் சொல்லிட்டீங்க. மத்த அஞ்சு பேரும் ரொம்ப ஆர்வம்னு எழுதியிருந்தாங்க. அதுல மூணு பேருக்கு வாய்க்கால்ங்கற எழுத்தே சரியா வரல.” பேனாவைத் திறந்தார். மூடினார். “இது கோப்புல போய் உட்காரும். நூறு வருஷம் கழிச்சு எவனாவது பிரிச்சுப் பார்ப்பான். துறையின் கவனக்குறைவு, கீழே துறைத் தலைவர் கையெழுத்து. என்ன நினைப்பான்?”

“நேர்மையான ஆளுன்னு நினைப்பான் சார். இல்லேன்னா கோப்பையே பிரிக்க மாட்டான். பெரும்பாலும் பிரிக்க மாட்டாங்க. நான் ரெண்டு மாசம் ஆவண அறையில வேலை பார்த்திருக்கேன்.”

அவருக்கு உதட்டோரம் துடித்தது. படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். “இப்படியே போட முடியாது.”

அவள் படிவத்தை எடுத்து மடிக்கப் போனாள்.

“திருத்தத்துக்குப் பக்கத்துல உங்க சின்னக் கையெழுத்து எங்கே? தேதி எங்கே? அடிச்சு எழுதினா யார் அடிச்சது, என்னைக்கு அடிச்சதுன்னு இருக்கணும். இல்லேன்னா அது செல்லாது. எட்டு பாடம் படிச்சும் இதை ஒருத்தரும் சொல்லலையா?”

“இல்ல சார்.”

“அதுவும் எங்க தப்புதானா?”

“ஆமா சார்.”

அவள் திருத்தத்துக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்தைக் கிறுக்கித் தேதி போட்டாள். அவர் அதற்குப் பக்கத்தில் தன் இரண்டு எழுத்தைப் போட்டு, கீழே முழுக் கையெழுத்தையும் நீட்டாகப் போட்டார். “எட்டுன்னா எட்டு. எட்டு அஞ்சுக்குக் கதவைச் சாத்திடுவேன். செவ்வாய்க்கிழமைக்குள்ள இதைப் படிச்சுட்டு வாங்க” என்று தரையிலிருந்து ஒரு புத்தகத்தை உருவிக் கொடுத்தார். அதை உருவியதில் அதன்மேல் இருந்த பதினைந்து புத்தகங்கள் சரிந்தன. இருவரும் கண்டுகொள்ளவில்லை. புத்தகம் செங்கல் கனம் இருந்தது.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஆலோசகர் ஐந்தாவது பாடத்தைப் பதிந்தார். திரை ஒருமுறை யோசித்தது. பிறகு பச்சையானது. “வாய்க்காலுக்கு ஆள் கிடைச்சுடுச்சே” என்று ஆச்சரியப்பட்டு, பிறகு பேரைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தார். “நீங்களா? ஐயோ பாவம். சரி, எல்லாம் பாஸ் பண்ணுங்க, மே மாசம் முத்திரை குத்தறேன்.”

வெளியே வந்து அப்பாவைக் கூப்பிட்டாள். பின்னால் கலவை இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. யாரோ யாரையோ மேலே வரச் சொல்லிக் கத்தினார்கள்.

“என்னம்மா ஆச்சு?”

“போட்டாச்சுப்பா. அஞ்சும் கிடைச்சுடுச்சு.”

“கையெழுத்து போட்டாரா?”

“போட்டாரு.”

இயந்திரம் இரண்டு சுற்று சுற்றியது. “தப்பு யாருதுன்னு எழுதினாங்க?”

“அவங்களுதுன்னுதான்பா. திருத்தினது அப்படியே இருக்கு. பக்கத்துல அவரே கையெழுத்து போட்டிருக்காரு.”

அவள் காதில் செல்பேசியை அழுத்திக்கொண்டாள். “அப்பா?”

“இருக்கேன், இருக்கேன். கலவை இறுகுது. அப்புறம் பேசறேன்” என்றார். ஆனால் சிமெண்ட் விரலுக்குச் செல்பேசியை அணைக்க வரவில்லை. அவர் சாரத்தில் ஏறுகிற சத்தம் கேட்டது. மேலே போய் யாரிடமோ, ஒன்றும் பெரிய விஷயமில்லை என்பது போன்ற குரலில், “பல்கலைக்கழகத்துல ஒரு தப்பு பண்ணிட்டாங்களாம். நம்ம பொண்ணு போய்த் திருத்திட்டு வந்திருக்கு” என்று சொன்னது வரைக்கும் கேட்டது.